அழையாமல் வரும் நினைவு

தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் 2018 மார்ச் 11-இல் மூண்ட காட்டுத்தீ, மலையேறச் சென்றோருள் 20-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. இத்தகைய தீயினின்று மீண்டவர்க்குப் புகைவாடை ஒன்றே போதும். அந்நாள் கண்முன் எழுந்து நிற்கக்கூடும். இதனை ஈமானின் குறையென்பாரும் உளர். அறபியிலோ, நாம் முயன்று நினைவுகூர்வது திக்ரு. தானே உள்ளத்தில் வந்து விழுவது காத்திர். பின்னதற்குக் கேள்வி கணக்கில்லை என்பர் ஆலிம்கள்.

'மறந்துவிடு' என்பதும் மருந்தன்று. 1987-இல் உளநூலறிஞர் வெக்னர், வெள்ளைக் கரடியை நினையாதீர் எனச் சிலரைப் பணித்தார். அதுவே அவர்கள் உள்ளத்தில் மீண்டும் மீண்டும் வந்தது.

ஆகவே அன்பர்களே! வந்த நினைவுக்கு அவர் பொறுப்பல்லர். பழிக்கும் நாவுக்கு நாமே பொறுப்பு. அவராகச் சொன்னால் பொறுமையுடன் கேட்பதும், சொல்லாதிருந்தால் உடனிருப்பதுமே நம் கடமை.