எப்போதாவது நேரும் பிழை

எப்போதும் ஒரே மாதிரி தவறு செய்கிற இயந்திரம் நேர்மையானது. சுவிட்சைப் போட்டால் எரியாத விளக்கைப் பற்றி யாரும் தத்துவம் பேசுவதில்லை. மூன்று நாள் ஒழுங்காக ஓடி, நாலாம் நாள் பாதி வாக்கியத்தில் திரை இருண்டு, தானே மறுபடி உயிர்பெற்று, ஒன்றுமே நடக்காததுபோல் முதலிலிருந்து தொடங்குகிற வீட்டுக் கம்ப்யூட்டர் வேறு ஜாதி. அதன் முன் உட்கார்ந்து நாம் பேசுகிற பேச்சில், காரணம் என்பதை நாம் என்னவாக நினைத்துக்கொண்டிருக்கிறோம் என்பது வெளிப்பட்டுவிடுகிறது. இதை ஒரு அறப் பிரச்சனை என்றே நான் கொள்கிறேன்.

விண்டோஸ் இந்தச் சாவைத் தன் குறிப்பேட்டில் 41 என்று எண்ணிட்டுப் பதிவு செய்கிறது. முறைப்படி அணைக்கப்படாமல் இயந்திரம் மறுபடி துவங்கியிருக்கிறது. பதிவு பெரும்பாலும் சொல்வது இவ்வளவுதான். சுமை ஏறும்போது எஸ்.எம்.பி.எஸ்.ஸின் மின்னழுத்தம் சரிந்திருக்கலாம். சூடேறினால் மட்டும் ரேமின் ஒரு மூலை நினைவு தப்பலாம். விசிறியில் தூசி அடைத்து, வெந்துபோகாதிருக்க பிராசஸர் தானே அணைந்திருக்கலாம். ஏதோ ஒரு டிரைவர் தனக்குரியதல்லாத இடத்தில் எழுதியிருக்கலாம். 2000ஐ ஒட்டிய வருஷங்களில் தயாரான பல மதர்போர்டுகளில் கெப்பாசிட்டர்கள் உப்பி, தலை வெடித்து, கண்ணுக்கே சாட்சி சொல்லின. எல்லாக் காரணங்களும் அவ்வளவு கருணை காட்டுவதில்லை. போதாததற்கு, பிழையின் எண்ணைக் காட்டும் திரையை நாம் படித்து முடிக்குமுன் தானே திரும்பத் துவங்கும்படிதான் இயந்திரத்தை அமைத்துத் தருகிறார்கள். வேலை தொடரட்டும், காரணம் போகட்டும் என்பது அதில் அடங்கிய தீர்மானம்.

வீட்டில் நடப்பது என்ன? கடைசியாகத் தொட்டவன் குற்றவாளி. நேற்று பையன் ஏதோ விளையாட்டை ஏற்றினான், இன்று நின்றுபோயிற்று. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. ஒன்றன்பின் ஒன்று வருவதை மட்டுமே காண்கிறோம், இரண்டையும் பிணைக்கும் கயிற்றை ஒருபோதும் கண்டதில்லை என்று ஹ்யூம் 1739லேயே எழுதினார். ஆனால் ஹ்யூமின் மனிதனுக்கு அந்த நம்பிக்கை பிறக்கப் பலமுறை சேர்ந்து வரும் அனுபவமாவது தேவைப்பட்டது. நமக்கு ஒரு தடவை போதும். அதுவும், எதிர்த்து வாதாட வயதோ வார்த்தையோ இல்லாதவன் பக்கத்தில் இருந்துவிட்டால்.

ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும் என்பது 1843ல் மில் வகுத்த முறைகளில் ஒன்று. எப்போதாவது நேரும் பிழையிடம் இதற்கும் ஒரு சிக்கல் உண்டு. சராசரியாக மூன்று நாளுக்கு ஒருமுறை, எந்த ஒழுங்குமில்லாமல் நிற்கிற இயந்திரம், அதில் எதையுமே சரிசெய்யாவிட்டாலும், அடுத்த மூன்று நாள் நிற்காமல் ஓட 37 சதவீத வாய்ப்பு இருக்கிறது. ஒன்பது நாள் பொறுத்தால் அந்த வாய்ப்பு 5 சதவீதத்துக்கு இறங்கும். பூஜ்யமாவதில்லை. மெளனத்தைச் சாட்சியாக ஏற்கக் காலம் வேண்டும். எவ்வளவு அபூர்வமான பிழையோ அவ்வளவு நீண்ட காலம்.

சர்வீஸ்காரர் எஸ்.எம்.பி.எஸ்.ஸையும் ரேமையும் ஒரே மூச்சில் மாற்றிவிடுகிறார். நிற்பது நின்றுவிடுகிறது. குற்றவாளியோடு ஒரு நிரபராதியும் குப்பைக்குப் போயாயிற்று. யார் எது என்று இனித் தெரியப்போவதுமில்லை. நாளைக்குள் வேலையை முடிக்க வேண்டியவனுக்குக் குணம் போதாதா, காரணம் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். குணப்படுத்துவதற்குக் காரணத்தை அறிந்தே ஆகவேண்டும் என்று நான் சொல்லவில்லை. குணப்படுத்திய உரிமை பெயர்சொல்லும் உரிமையாகாது என்கிறேன். ‘இரண்டையும் மாற்றினேன், நின்றுவிட்டது’ என்பது உண்மையான வாக்கியம். ‘ரேம்தான் கெட்டிருந்தது’ என்பது, அது அப்படியே இருந்திருந்தாலும், சொல்பவன் சம்பாதிக்காத உண்மை.

2003ல் பெல்ஜியத்தின் ஸ்கார்பேக்கில் மின்னணு வாக்குப்பதிவில் ஒரு வேட்பாளருக்கு 4096 ஓட்டு கூடுதலாக விழுந்தது. அவர் பெறச் சாத்தியமானதையும் மீறிய எண்ணிக்கை என்பதால் அகப்பட்டது. 4096 இரண்டின் பன்னிரண்டாம் அடுக்கு. அதாவது ஒரே ஒரு பிட் 0 என்பதிலிருந்து 1 ஆகியிருக்கிறது. சோதனைகளில் பிழை திரும்ப வரவில்லை. விண்வெளியிலிருந்து வந்த துகளாக இருக்கலாம் என்றார்கள். இப்படி நேர்வது உண்டுதான். சில்லின் உறைப் பொருளிலிருந்தே கிளம்பும் ஆல்பா துகள்கள் பிட்டுகளைப் புரட்டும் என்று இன்டெல் ஆய்வாளர்கள் 1978லேயே காட்டினார்கள். ஆனால் இங்கே சாத்தியம் என்பது மெள்ள நகர்ந்து காரணத்தின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டது. ஆகாயம் மறுப்புச் சொல்லாது. பையனாலும் முடியாது. பழி தேடிப் போகும் இடங்கள் இரண்டுக்கும் இந்த ஒற்றுமை இருக்கிறது. ஆகாயத்துக்கு வலிப்பதில்லை, விசாரணை மட்டும் முடிந்துபோகிறது. பையன் விஷயத்தில் இரண்டும் நேர்கிறது.

ஒரு கவிஞன் எழுதாமல் நின்றுபோனதற்குக் கொள்கை, குடும்பம், உத்தியோகம், இன்னாருடைய சகவாசம் என்று நம் பத்திரிகைகளில் காரணம் அறிவிப்பவர்களும், ஒன்பது நாள் பொறுக்காதவர்கள்தான். அவன் மறுபடி எழுதினால் அதற்கும் அவர்களிடம் ஒரு காரணம் தயாராக இருக்கும்.

நான் கேட்பது அதிகமில்லை. எந்தத் தேதியில் நின்றது, எதை மாற்றினோம், அதன்பின் எத்தனை நாள் ஓடியது என்று ஒரு தாளில் எழுதி வைக்கலாம். காரணம் என்று எழுத வேண்டிய இடத்தை, அது தெரியும்வரை, காலியாக விட்டுவைக்கலாம். அந்தக் காலியிடத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பது சங்கடமானது. அந்தச் சங்கடத்தைத் தீர்த்துக்கொள்ள இன்னொருவர் பெயரை அதில் எழுதுவதற்கு நமக்கு உரிமை இல்லை.