உடையவனும் காப்பவனும்

எங்கள் தோட்டத்தில் ஆங்கிலக் காகிதம் எவருக்கு வந்தாலும் அது முதலில் கிராணியின் மேசைக்கு வந்து, பிறகே உரியவர் கைக்குப் போகும். ஆங்கிலப் பள்ளியிற் படித்ததன் பயனாக எனக்கு வாய்த்த தொண்டு இது. வங்கிக் கடன் முதல் வழக்கறிஞர் நோட்டீஸ் வரை எத்தனையோ படித்துப் பொருள் சொல்லியிருக்கிறேன். ஆயினும் சில மாதங்களுக்கு முன் ஒரு பழைய மோட்டார் காரைப் பற்றி நான் படிக்க நேர்ந்த காகிதத்தைப் போல் என் தூக்கத்தைக் கெடுத்தது வேறொன்றில்லை. மோட்டார் காரில் என்ன தத்துவம் என்று நகைக்க வேண்டாம், தோழர்களே. ஒரு பொருள் ‘என்னுடையது’ என்று சொல்லுகிறோமே, அச்சொல்லின் பொருள் யாது என்னும் கேள்வி அந்தக் காகிதத்திலிருந்துதான் எனக்குக் கிளம்பிற்று.

பக்கத்துப் பட்டணத்தில் மோட்டார் பட்டறை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் எனக்கு நண்பர். அறுபது வயதைக் கடந்தவர். அவருடைய தந்தையார் அந்நாளில் ஒரு தோட்டத்துத் துரைக்குச் சாரதியாயிருந்தார். அந்தத் துரையிடம் எம்.ஜி.பி. என்னும் இருவர் அமரும் திறந்த கார் ஒன்று இருந்தது. ஞாயிறுதோறும் தந்தை அதைக் கழுவித் துடைப்பார். மகன் வாளியைச் சுமந்து நிற்பான். வண்டியைத் தொடுவதற்கு மட்டும் அவனுக்கு உத்தரவில்லை. அரை நூற்றாண்டு கடந்தும் அவ்வாசை அவரை விட்டபாடில்லை.

அந்தக் கார் 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தில், ஆக்ஸ்போர்டுக்கு அணித்தான அபிங்டன் என்னும் ஊரில் செய்யப்பட்டது. ஐந்து லட்சத்துக்கு மேல் செய்தார்கள். அவற்றுட் பெரும்பகுதி அமெரிக்காவுக்குக் கப்பலேறிற்று. 1798 சி.சி. எஞ்சின், இரட்டை எஸ்.யூ. கார்புரேட்டர். தனியான சட்டகமின்றி உடற்கூடே பாரம் தாங்கும் அமைப்பு ஆதலின், கதவுக்கடியில் நீண்டு ஓடும் பெட்டித் தகட்டைத் துரு தின்றுவிட்டால், மேலே எவ்வளவு மெருகேற்றியிருந்தாலும் அவ்வண்டி வாங்கத் தக்கதன்றாம். இதனை எனக்கு விளக்க அவர் ஒரு மாலைப் பொழுது முழுவதையும் செலவிட்டார். எனக்கு விளங்கியது பாதி. அவர் முகத்தில் கண்ட மகிழ்ச்சி முழுவதும் விளங்கிற்று.

இங்கிலாந்தில் விலைக்கு வந்த 1972ஆம் ஆண்டு வண்டி ஒன்றின் மேல் அவருக்கு மனம் விழுந்தது. அதனை இங்கே இறக்குமதி செய்ய ஏ.பி. அனுமதி வேண்டும், சுங்க வரி வேண்டும், கப்பற் கூலி வேண்டும். அவருக்கோ அந்த எண்ணமே இல்லை. வண்டி பிறந்த நாட்டிலேயே இருக்கட்டும். ஆண்டுக்கு மூன்று வாரம் தாம் அங்கே சென்று ஓட்டி வருவது என்பது அவர் திட்டம். அவருடைய தங்கை மகன் இங்கிலாந்தின் வடபகுதியில் ஒரு பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். அவன் படிப்புச் செலவில் ஒரு பகுதி இவருடைய பட்டறையிலிருந்தே போகிறது.

அந்நாட்டுச் சட்டம் இவ்விஷயத்தில் வியப்பானது. அங்கே குடியிராதவன் ஒரு காரை விலைக்கு வாங்குவதை எவரும் தடுப்பதில்லை. நம் நாட்டு உரிமத்தை வைத்துக்கொண்டு விருந்தினனாக 12 மாதம் வரை அவன் ஓட்டவும் செய்யலாம். ஆனால் சுவான்சி நகரிலுள்ள வாகனப் பதிவு அலுவலகத்தின் ஏட்டில் ஏறுவதற்கு அந்நாட்டு முகவரி ஒன்று வேண்டும். ஏட்டில் ஏறுகிறவனை அவர்கள் உடையவன் என்று அழைப்பதில்லை, ‘கீப்பர்’ என்கிறார்கள். காப்பவன் என்று நாம் சொல்லலாம். வி5சி எனப்படும் அப்பதிவுச் சான்றிதழிலேயே, இது உடைமைக்குச் சான்றாகாது என்று அச்சிட்டிருக்கிறது. அமெரிக்க மாநிலங்களில் உடைமைக்கென்றே ‘டைட்டில்’ என்ற பத்திரம் உண்டு. நாமும் ‘கிராண்ட்’ காகிதத்தில் எவன் பெயரோ அவனதே வண்டி என்று எண்ணிப் பழகியவர்கள். ஆங்கிலேயனோ உடையவன் வேறாகவும் காப்பவன் வேறாகவும் இருக்கக் கூடும் என்று கண்டு, காப்பவன் பெயரை மட்டும் எழுதிக்கொள்கிறான். ஏன்? சர்க்காருக்கு வேண்டியது பொறுப்பேற்கும் ஆள். பணம் கொடுத்தவன் எவன் என்பது அதற்கு இரண்டாம் பட்சம்.

அந்தப் பொறுப்பு அற்பமானதன்று. வேகம் மிகுந்து ஓடியதைச் சாலைக் காமிரா பிடித்தால் நோட்டீஸ் காப்பவன் வீட்டுக்குத்தான் வரும். ஓட்டியவர் இன்னார் என்று அவன் சொல்ல வேண்டும். சொல்லத் தவறினால் 1000 பவுன் வரை அபராதம், அவனுடைய உரிமத்தில் ஆறு புள்ளி. 2011 முதல் வண்டி ஓடாமல் நின்றாலுங்கூட இன்ஷூரன்ஸ் இருந்தாக வேண்டும். இல்லையேல், சாலைக்குக் கொண்டுவருவதில்லை என்று அவன் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். நாற்பது வயதைத் தாண்டிய வண்டிக்கு வரி கிடையாது. 2018 முதல் ஆண்டுச் சோதனையும் கட்டாயமில்லை. ஆயினும் வரியில்லாத அந்த வரியை ஆண்டுதோறும் பதிந்து வருவது காப்பவன் கடமை. வண்டி பழுதின்றி இருப்பதைப் பார்த்துக்கொள்வதும் பெரும்பாலும் அவன் தலையில்தான் விழும்.

பெரியவர் என்னிடம் இரண்டு கடிதம் எழுதச் சொன்னார். விற்பவருக்கு ஒன்று, அதை எழுதிவிட்டேன். மற்றொன்று மருமகனுக்கு. காப்பவனாக அவன் தன் பெயரைக் கொடுக்க வேண்டும். இன்ஷூரன்ஸ்காரர் கேட்டால் வண்டி தன்னுடையதே, ஓட்டுவதும் தானே என்று சொல்ல வேண்டும். இரண்டாவது கடிதத்தில் என் கை நின்றுவிட்டது. “நம்ம பிள்ளைதானே தம்பி, வேண்டாம் என்றா சொல்லப் போகிறான்? நேற்றே கேட்டேன். ‘சரி மாமா’ என்று எழுதிவிட்டான்” என்றார்.

இன்ஷூரன்ஸ் விஷயத்தில் வாதத்துக்கு இடமில்லை. அது பொய். கேட்ட கேள்விக்கு அறிந்தே பொய் சொன்னவனுடைய ஒப்பந்தத்தைத் தள்ளிவிட, 2012ஆம் ஆண்டுச் சட்டம் அந்நாட்டு நிறுவனங்களுக்கு இடங் கொடுக்கிறது. எடுத்துச் சொன்னதும் பெரியவர் ஒப்புக்கொண்டார். உள்ளதைச் சொல்லிக் கேட்போம். மறுப்பவர் மறுக்கட்டும், கூடுதற் பணம் கேட்பவருக்குக் கொடுப்போம் என்றார். அவர் நேர்மையானவர், சட்டம் தெரியாமற் சொன்னதே தவிர, ஏமாற்றச் சொன்னதன்று.

நிற்க. பொய்யை நீக்கிவிட்டோம், சட்டத்துக்குக் குறைவில்லை. அப்பொழுதும் என் மனம் ஒப்பவில்லை. காரணத்தைத் தேடித் தேடிப் பார்த்தேன்.

உடைமை என்பதில் இன்பம் ஒரு பாதி, சுமை ஒரு பாதி. வண்டியை வெயிலில் ஓட்டுவது இன்பம்; மழையில் அது நிற்கும்போது கவலைப்படுவது சுமை. இரண்டையும் ஒருவனே ஏற்கும்போது கேள்வி எழுவதில்லை. கடல் கடந்து வாங்குகிறவன் இன்பத்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, சுமையை அங்கிருக்கும் ஒருவனிடம் விட்டு வர நேர்கிறது. கூலிக்குக் காவல் வைக்கிறோமே, அது குற்றமா என்று கேட்கலாம். காவற்காரன் சம்பளம் பெறுகிறான். பிடிக்காவிட்டால் விலகிப் போகிறான். இந்தப் பையனோ சம்பளமும் பெறான், விலகவும் மாட்டான். அவன் படிப்புப் பணம் யாரிடமிருந்து வருகிறது என்பதை அவன் அறிவான். அவன் சொன்ன ‘சரி மாமா’வில் எவ்வளவு சம்மதம், எவ்வளவு நன்றிக்கடன் என்று எந்தத் தராசில் நிறுப்பது? பெண்ணின் மௌனத்தைச் சம்மதம் என்று எழுதிக்கொண்டு தாலி கட்டிய சமூகத்தில் பிறந்தவர்கள் நாம். பெரியோர் சொல்லைத் தட்டாமை ஒரு குணம் என்று பிள்ளைகளுக்குப் போதிக்கிறோம். அக்குணத்தைப் பயன்படுத்திக்கொள்ளும் பெரியோருக்கு ஒன்றும் போதிக்கவில்லை.

இதற்கு எதிர்வாதமும் எனக்குத் தெரியும். உறவினர் செய்யும் உதவிக்கெல்லாம் கணக்குப் பார்த்தால் குடும்பம் கடைத்தெருவாகிவிடாதா? ஆகும்தான். என் சம்பளத்தில் என் தம்பி படித்தான்; நான் கணக்கெழுதவில்லை. ஆனால் என்ன கொடுக்கிறேன் என்பதை அறிந்து கொடுத்தேன். சுமை இன்னதென்று சொல்லாமல் ஒருவனைத் தோள் கொடுக்கச் சொல்வதை உதவி கேட்பது என்று என்னால் அழைக்க முடியவில்லை.

என் சொந்த வீட்டுக் கதை ஒன்றும் இங்கே குறுக்கிட்டது. என் பாட்டனார் பால்மரம் வெட்டிச் சேர்த்த பணத்தை ஊருக்கு அனுப்பி, தம்பி பெயரில் இரண்டு ஏக்கர் நிலம் வாங்கினார். பினாமிதான்; அந்நாளில் கடல் கடந்து பிழைத்தவர் பலர் செய்தது. தம்பி உழுதார், தீர்வை கட்டினார், கிணறு வெட்டினார். முப்பது ஆண்டு கழித்துப் பாட்டனார் கேட்டபோது அவர் கொடுக்கவில்லை. பின்னர் 1988இல் இந்தியாவில் வந்த பினாமிச் சட்டம், பிறர் பெயரில் வாங்கியவன் அது தன்னுடையது என்று வழக்காடும் வழியையும் அடைத்துவிட்டது. எங்கள் வீட்டில் அந்தச் சின்னப் பாட்டனாரின் பெயரைத் துரோகி என்னும் அடைமொழி இல்லாமல் நான் கேட்டதேயில்லை. அவர் செய்தது சரியென்று இன்றும் சொல்லேன். ஆனால் முப்பது மழைக்காலம் அந்த வரப்பைக் கட்டியவர் யார் என்று எங்களில் ஒருவரும் ஒருநாளும் கேட்டதில்லை என்பது, இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்த இரவில்தான் எனக்கு உறைத்தது.

ஆகவே மருமகனுக்கு வேறு விதமாக எழுதினேன். மாமா விரும்புகிறார் என்று தொடங்கவில்லை. காப்பவன் மீது விழும் பொறுப்புக்களை மேலே சொன்னபடியே ஒன்றுவிடாமல் எழுதி, இவற்றை அறிந்தபின் உன் கருத்தென்ன, மறுத்தால் உன் படிப்புப் பணத்துக்கு ஒரு குறையும் வராது என்று முடித்தேன். அந்தக் கடைசி வரியைப் பெரியவரிடம் படித்துக் காட்டி, அவர் ஒப்புதல் பெற்ற பின்பே அனுப்பினேன். ஒப்புதல் தர அவருக்குச் சற்று நேரம் பிடித்தது.

முதலில் இரண்டே சொல்லில் பதில் தந்தவன் இம்முறை இரண்டு பக்கம் எழுதியிருந்தான். தான் இருப்பது வாடகை அறை. வண்டி நிறுத்த இடமில்லை. தெருவில் நிறுத்தினால் யார் பார்ப்பது? பரீட்சைச் சமயத்தில் நோட்டீஸ் வந்தால் என்ன செய்வது? படிப்பு முடிந்து ஊர் திரும்பினால் பிறகு யார் பெயர்? கடைசியாக ஒன்று: “மாமா இல்லாத நாட்களில் நான் அதை ஓட்டலாமா?”

பட்டறையில் வைத்து அதை உரக்கப் படித்தேன். பெரியவர் கைத்துணியால் ஒரு ஸ்பானரை நெடுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு, “அப்பா பதினோரு வருஷம் அந்த வண்டியைப் பார்த்தார், தம்பி. துரை ஊருக்குப் போகும்போது அதை விற்றுவிட்டுப் போனார். வாங்கின ஆள் வந்து ஓட்டிக்கொண்டு போன அன்றைக்குத்தான் அப்பாவுக்கே தெரியும்” என்றார்.

விற்பவர் இம்மாத இறுதி வரை பொறுப்பதாக எழுதியிருக்கிறார். பையனுடைய கடிதம் என் மேசையில் இருக்கிறது. அதற்கு மறுமொழி எழுதும்படி பெரியவர் இன்னும் சொல்லவில்லை.