மயிலும் கம்பளிச் சட்டையும்

"ஐயா, அந்தப் போர்வையை மயில் என்ன செய்தது?"

கடையெழு வள்ளல்களைப் பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தபோது ஒரு மாணவி இவ்வாறு கேட்டாள். பணி ஓய்வு பெற்ற பின்னரும் வார இறுதியில் ஏழெட்டு மாணவர்களுக்கு இலக்கியம் கற்பித்து வருகிறேன். வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன். பிறகு, ஆசிரியர்கள் வழிவழியாகச் சொல்லி வரும் விடையையே சொன்னேன். வள்ளலின் உள்ளம் தேவையை ஆராய்வதில்லை. இரக்கம் மேலிட்டபோது கையில் இருப்பதைக் கொடுத்துவிடுகிறது. இதனையே கொடைமடம் என்று சான்றோர் போற்றினர் என்றேன். மாணவி எழுதிக்கொண்டாள். தேர்வுக்கு அது போதும். ஆனால் அவள் பேகனைப் பற்றிக் கேட்கவில்லை. மயிலைப் பற்றிக் கேட்டாள். அவளுடைய வினாவிற்கு நான் விடை சொல்லவே இல்லை என்பது வீட்டிற்கு வந்து சேர்ந்த பிறகே உறைத்தது.

வீட்டில் அக்காள் கம்பளிச் சட்டை பின்னிக்கொண்டிருந்தார். அவருடைய மகன் மெல்பர்னில் வாழ்கிறான். பேரனுக்கு ஒரு வயது நிறையப் போகிறது. அங்கே ஜூன் முதல் ஆகஸ்டு வரை குளிர்காலம். அதற்குள் சட்டை போய்ச் சேர வேண்டும் என்பது அக்காளின் கணக்கு.

பின்னல் வேலையை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு அதன் இயல்பு தெரியும். நெசவில் பாவு, ஊடை என இருவகை நூல்கள் நெடுக்கும் குறுக்குமாக ஓடுகின்றன. பின்னலிலோ ஒரே நூல்தான். அது கண்ணியாக வளைந்து, முந்திய வரிசையின் கண்ணிக்குள் நுழைந்து, அதனைத் தாங்கி நிற்கிறது. இடையில் முடிச்சு எதுவும் இல்லை. ஆகவேதான் பின்னிய ஆடை இழுத்தால் நீள்கிறது, விட்டால் சுருங்குகிறது. கடைசி முனையை அவிழ்த்து இழுத்தால் சட்டை முழுவதும் மீண்டும் நூலாகிவிடும். அக்காள் முதுகுப் பக்கத்திற்கு 64 கண்ணிகள் போட்டு, 88 வரிசைகள் பின்னியிருந்தார். கணக்கிட்டுப் பார்த்தேன், 5,632 கண்ணிகள். முன்பக்கமும் சேர்ந்தால் 11,000க்கு மேல். கைகள் இரண்டும் தனி. எழுபத்தைந்து வயதைக் கடந்த விரல்களுக்கு இது சிறு வேலை அன்று. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. சட்டை முடிவதற்குள் குழந்தை வளர்ந்துவிடும். எனவே, பின்னுகிறவர் இன்று கண்ணால் காணும் குழந்தைக்குப் பின்ன முடியாது. இரண்டு மூன்று திங்களுக்குப் பின் இருக்கப்போகும் குழந்தையை மனத்தில் நிறுத்திக்கொண்டு பின்ன வேண்டும்.

"கடையில் வாங்கினால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடுமே அக்கா" என்றேன்.

"முடிந்துவிடும்தான்" என்றார் அவர். ஊசி நிற்கவில்லை.

நான் சொன்னது புதிய கருத்தும் அன்று. இங்கிலாந்தில் வில்லியம் லீ என்னும் பாதிரியார் 1589ஆம் ஆண்டில் காலுறை பின்னும் பொறியை அமைத்தார். கையால் பின்னிப் பிழைக்கும் ஏழைகள் வாழ்விழப்பர் என்று கருதி முதலாம் எலிசபெத் அரசியார் அதற்குக் காப்புரிமை தர மறுத்தார் என்று ஒரு செய்தி வழங்கி வருகிறது. அரசியார் மறுத்தாலும் பொறி நிற்கவில்லை. இன்று பின்னலாடை என்றதும் தமிழர் நினைவுக்கு வருவது திருப்பூர்; உலகின் பல நாட்டுக் குழந்தைகள் அந்நகரத்து ஆடைகளை அணிகின்றனர். அங்கே பொறியின் முன் நிற்பவர்களும் கையும் கண்ணும் களைப்பும் உடையவர்களே. கையால் செய்தது என்ற ஒன்றனாலேயே ஒரு பொருளில் அன்பு மிகுந்துவிட்டது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால், பொறியின் முன் நிற்பவர் அந்தக் குழந்தையை ஒருநாளும் காணப் போவதில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஓராண்டு, ஈராண்டு என்னும் வயதெண்தான். கையால் பின்னுகிறவர் குழந்தையை அறிந்திருக்க வாய்ப்பு உண்டு. வாய்ப்பு என்றுதான் சொல்கிறேன். அறிந்தே தீர்வார் என்று சொல்ல முடியாமைக்கு என் வாழ்க்கையிலேயே சான்று இருக்கிறது.

நாங்கள் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவர்கள். மற்றத் தோட்டங்களில் வெயிலும் வியர்வையும் என்றால் எங்களுக்குப் பனியும் குளிரும். விடியுமுன் பெரட்டுக்குப் புறப்படும் பெண்கள் கைக்குழந்தைகளைத் துணியால் சுற்றி ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுக் கொழுந்து பறிக்கச் செல்வர். தோட்ட மருத்துவமனையில் இருந்த மிஸ்ஸியம்மா ஒருவர் ஓய்வு நேரத்தில் அம்மாவுக்குப் பின்னல் கற்றுக் கொடுத்தார். அக்காள் அம்மாவிடம் கற்றுக்கொண்டார்.

1966ஆம் ஆண்டு நான் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பை முடித்து, நகரத்து இடைநிலைப்பள்ளியில் புகுமுக வகுப்பில் சேர்ந்தேன். காலைப் பேருந்தில் எலும்பு வரை குளிரும். அம்மா எனக்காக ஒரு கம்பளிச் சட்டை பின்னினார். விளக்கடியில் ஏறக்குறைய இரண்டு மாத வேலை. உடலுக்கு நீல நூல் வாங்கியிருந்தார்; அது கைகளுக்குப் போதவில்லை. பழைய சட்டை ஒன்றைப் பிரித்தெடுத்த சிவப்பு நூலால் கைகளை முடித்தார். குளிருக்கு அதைவிட நல்ல சட்டை இருந்திருக்க முடியாது. ஆனால் நகரத்துப் பிள்ளைகள் கடையில் வாங்கிய ஒரே நிறச் சட்டைகளை அணிந்திருந்தனர். முதல் நாளே எனக்குக் கிளி என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

மறுநாள் முதல் பேருந்து நிறுத்தத்திலேயே சட்டையைக் கழற்றிப் பைக்குள் திணித்துக்கொள்வேன். பகலெல்லாம் நடுங்குவேன். மாலையில் லயத்திற்குத் திரும்புமுன் மீண்டும் அணிந்துகொள்வேன். இப்படி மூன்று மாதங்கள் கழிந்தன. ஒருநாள் நல்ல மழை. தலையும் காற்சட்டையும் சொட்டச் சொட்ட வீட்டிற்குள் நுழைந்தேன். மேலே அணிந்திருந்த கம்பளிச் சட்டை மட்டும் உலர்ந்திருந்தது. அம்மா அதைத் தொட்டுப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

அன்றிரவு விழிப்பு வந்தபோது, அம்மா சட்டையின் முனையை அவிழ்த்து நூலை இழுத்துக்கொண்டிருந்தார். அக்காள் எதிரே அமர்ந்து இரண்டு கைகளிலும் அந்த நூலைச் சுற்றிக்கொண்டிருந்தார். பிரித்த கம்பளி நூல் சுருள்சுருளாக இருக்கும். அதை நனைத்து, எடை கட்டித் தொங்கவிட்டு, நேராக்கினால்தான் மறுபடி பின்னலாம். இரண்டு நாள் கழித்து எங்கள் வீட்டுக் கொடியில் அது தொங்கியது. பிறகு அடுத்த வீட்டுக் குழந்தை ஒன்று நீலமும் சிவப்புமாக ஒரு சட்டை போட்டுக்கொண்டு ஆயாக் கொட்டகையில் தவழ்ந்தது. எனக்கு முதலில் ஏற்பட்டது நிம்மதிதான். மறைத்து எழுத விரும்பவில்லை. அம்மா நகரத்துக் கடையில் தவணைக்கு ஒரு சாம்பல் நிறச் சட்டை வாங்கி வந்தார். அணிந்துகொண்டேன். அதற்கு நன்றி சொன்னதாக நினைவில்லை.

இந்நிகழ்ச்சியை எத்தனையோ முறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். பெற்றுக்கொண்டவன் கேட்காத ஒரு பொருள், அதைச் செய்தவர் பட்ட பாட்டின் காரணமாகவே அவனைக் கட்டுப்படுத்துமா? வள்ளுவர் செய்ந்நன்றியறிதலுக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். அதைப் படிக்கும்போதெல்லாம் அந்த நீலச் சட்டையை நான் அணிந்தே இருந்திருக்க வேண்டும் என்று தோன்றும். ஆயினும் ஆண்டுகள் செல்லச் செல்ல, என் குற்றம் அதுவன்று என்னும் முடிவுக்கு வந்திருக்கிறேன். பன்னிரண்டு வயதுச் சிறுவன் பிறர் நகைப்புக்கு அஞ்சுவது இயல்பு. அணிய முடியாது என்று அம்மாவிடம் சொல்லியிருந்தால், அன்று அவர் மனம் நொந்திருப்பார். ஆனால் உண்மையை அறிந்திருப்பார். நான் மறைத்தேன். மூன்று மாதங்கள், நெற்றியில் பனி படியக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஒருவர், தம் மகன் குளிரின்றி இருக்கிறான் என்று பொய்யாக நம்பிக்கொண்டிருந்தார். திருப்பிச் செலுத்த முடியாத கடன் எனக்கு உண்டென்றால் அது இதுதான். சட்டையைப் பிரித்தது எனக்குத் தரப்பட்ட தண்டனை என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தேன்.

அந்த மாணவியின் வினாவை அன்று மாலை அக்காளிடம் சொன்னபோதுதான் இப்பேச்சு எங்களுக்குள் எழுந்தது. அம்மா கோபத்தில்தானே பிரித்தார் என்று கேட்டேன். அக்காள் வியப்புடன் என்னைப் பார்த்தார்.

"கோபமா? அன்றைக்கு ராத்திரி அம்மா என்ன சொன்னாங்க தெரியுமா, தம்பி? 'நான் உடம்புக்குத்தான் அளவெடுத்தேன். பள்ளிக்கூடத்துக்கு அளவெடுக்கலை'ன்னு சொன்னாங்க."

பிறகு நான் புறநானூற்றை எடுத்துப் பார்த்தேன். மயில் உடுத்தாது, போர்த்திக்கொள்ளாது என்பதை அறிந்தே பேகன் கொடுத்தான் என்று பரணர் பாடியிருக்கிறார். ஆக, மாணவியின் வினாவிற்குப் பரணர் அன்றே விடை சொல்லிவிட்டார். மயில் அதை ஒன்றும் செய்யாது. பாடநூல்கள் இந்த இடத்தோடு நின்றுவிடுகின்றன. பேகனைப் பற்றிய பாடல்கள் நிற்கவில்லை. அவன் தன் மனைவி கண்ணகியைத் துறந்து வாழ்ந்தான். அவளுக்காகக் கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் ஆகிய நால்வரும் அவனிடம் சென்று வாதாடிய பாடல்கள் புறநானூற்றில் அடுத்தடுத்து நிற்கின்றன. அவற்றுள் ஒன்றில் பரணர் அந்தப் போர்வையையே நினைவூட்டி அவனை விளித்து, பொருள் வேண்டாம், அவள் துயரைத் தீர்த்தால் போதும் என்று கேட்கிறார். மயிலின் நடுக்கம் கண்ணுக்குப் பட்டது. மனைவியின் நடுக்கம் படவில்லை. அவனைக் குறைகூறி மகிழ்வது என் நோக்கமன்று. தொலைவில் இருப்பதற்கு இரங்குவது எளிது என்பதை அறியாதவர் யார்?

மயிலைப் போலவே கேளாமல் ஆடை பெற்ற வேறொரு பறவையும் உண்டு. 2001ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் பிலிப் தீவை ஒட்டிய கடலில் எண்ணெய் கசிந்து, அங்குள்ள சிறிய பென்குவின் பறவைகள் நூற்றுக்கணக்கில் பாதிப்புற்றன. சிறகைக் கோதும்போது எண்ணெய் வயிற்றுக்குள் போகாதிருக்க, கழுவும் வரை அவற்றிற்குக் கம்பளிச் சட்டை அணிவித்தனர். செய்தி பரவியதும் பல நாடுகளிலிருந்து பின்னிய சட்டைகள் வந்து குவிந்தன. தேவைக்கு மிஞ்சியவற்றைப் பொம்மைப் பென்குவின்களுக்கு அணிவித்து விற்று, அந்தப் பணத்தைப் பறவைகளின் நலனுக்குச் செலவிட்டனர். இதில் என்னைக் கவர்ந்தது வேறொன்று. பின்ன விரும்புவோருக்கு அங்கிருந்தே அளவும் முறையும் எழுதித் தரப்பட்டன. தளர்ந்த சட்டை பறவையின் காலில் சிக்கும். இறுகிய சட்டை மூச்சை முட்டும். பின்னியவர்கள் தம் விருப்பப்படி பின்ன முடியவில்லை. பறவையின் உடலுக்குக் கட்டுப்பட்டார்கள்.

மெல்பர்னுக்குப் போக வேண்டிய சட்டை ஒரு வாரத்திற்கு முன் முடிந்தது. கழுத்துப் பட்டையில் இலைப் பின்னல், நெருக்கமான விளிம்பு, அழகாகவே இருந்தது. அன்றிரவு கைப்பேசித் திரையில் பேரனைப் பார்த்துவிட்டு, அக்காள் மருமகளிடம் குழந்தையின் தலைச் சுற்றளவைக் கேட்டார். பச்சிளங்குழந்தையின் தலை, உடல் நீளத்தில் நான்கில் ஒரு பங்கு இருக்கும். ஒரு வயதிலும் உடலைப் பார்க்கத் தலை பெரியதுதான். அந்தப் பெண் ஒரு நூலால் அளந்து, அதை அளவுகோலில் வைத்துக் காட்டினாள். சிறிது தயங்கிவிட்டு, "அத்தை, ஆட்டுக் கம்பளி இவனுக்குக் கழுத்தில் தடிப்பு உண்டாக்குகிறது" என்றும் சொன்னாள். சொல்லியிருக்க வேண்டாமோ என்று அவள் முகம் கேட்டது.

"நல்ல வேளை சொன்னாய் அம்மா" என்றார் அக்காள்.

மறுநாள் கடைக்குச் சென்று மென்மையான பருத்தி நூல் வாங்கி வந்தோம். அக்காள் முடிந்த சட்டையின் முனையை அவிழ்த்தார். கம்பளி நூல் வரத் தொடங்கியது. நான் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, இரண்டு கைகளையும் நீட்டினேன்.