வளரச் செய்பவர் ஒருவரே

இறைவனை நாடி வருபவர்கள் பலவற்றைத் துறக்கிறார்கள். செல்வத்தைத் துறக்கிறார்கள், பதவியைத் துறக்கிறார்கள், சிலர் சுற்றத்தையும் விட்டு வருகிறார்கள். ஆனால் அவர்கள் அறியாமலேயே அவர்களுடன் ஆலய வாசலைக் கடந்து உள்ளே வந்துவிடும் பகை ஒன்று உண்டு. அதுவே பொறாமை. மற்றத் தீய குணங்கள் தீமையைப் பற்றிக்கொண்டு வளர்கின்றன. பொறாமையோ பிறரிடமுள்ள நன்மையைப் பற்றிக்கொண்டு வளர்கிறது. எனவே, நல்லவர்கள் கூடும் இடத்தில்தான் அதற்கு உணவு அதிகம். கிறிஸ்தவ சமயத்தின் தொடக்கக் கால வரலாறே இதற்குச் சான்று.

கொரிந்து நகரின் அடியார்கள்

கிரேக்க நாட்டின் கொரிந்து நகரம் கி.மு. 146-இல் ரோமானியரால் அழிக்கப்பட்டது, கி.மு. 44-இல் ஜூலியஸ் சீசரின் ஆணையால் மீண்டும் நிறுவப்பட்டது. இரண்டு கடல்களுக்கு இடையே, இரண்டு துறைமுகங்களுடன் விளங்கிய அந்நகரில் வணிகம் செழித்தது. செல்வத்தையும் மதிப்பையும் தேடிப் பல திசைகளிலிருந்தும் மக்கள் அங்கு வந்து குடியேறினர்.

ஏறத்தாழ கி.பி. 50-இல் புனித பவுல் அங்கு வந்து சேர்ந்தார். ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் என்ற தம்பதியருடன் தங்கிக் கூடாரம் செய்யும் தொழிலால் பிழைத்துக்கொண்டு, ஒன்றரை ஆண்டு காலம் இயேசுநாதரின் செய்தியைப் போதித்தார். அவர் சென்ற பிறகு அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த அப்பொல்லோ என்பவர் வந்தார். அவர் மறைநூலில் ஆழ்ந்த புலமையும் சொல்வன்மையும் மிக்கவர். அவரது போதனையாலும் அங்கிருந்த அடியார்கள் பெரும் பயன் பெற்றனர்.

இரண்டு நல்லாசிரியர்கள் வாய்த்தது அந்தச் சபையின் பெரும் பேறு. ஆனால் அந்தப் பேறே பூசலுக்கு வித்தாயிற்று. ஏறத்தாழ கி.பி. 54-இல் பவுல் எபேசு நகரில் இருந்தபோது, குலோவேயாள் என்ற பெண்மணியின் வீட்டார் அவரிடம் வருத்தமான செய்தியொன்றைக் கொண்டு வந்தனர். கொரிந்துச் சபையில் சிலர் தங்களைப் பவுலைச் சார்ந்தவர்கள் என்றனர். சிலர் அப்பொல்லோவின் பெயரைச் சொன்னார்கள். சிலர் பேதுருவின் பெயரைச் சொன்னார்கள். இன்னும் சிலர் தாங்கள் கிறிஸ்துவையே சார்ந்தவர்கள் என்றனர். பிறரை ஒதுக்குவதற்காகச் சொல்லப்படும்போது, இறைவனின் திருநாமமும் ஒரு கட்சியின் கொடியாகிவிடுகிறது.

பிளவு சொல்லளவில் நிற்கவில்லை. ஆண்டவரின் நினைவாக அனைவரும் கூடி உண்ணும் திருவிருந்திலும் அது புகுந்தது. சிலர் பிறருக்காகக் காத்திராமல் தாங்கள் கொண்டு வந்த உணவை வயிறார உண்டு, மதுவும் அருந்தினர். இல்லாதவர்கள் பசியுடன் வெட்கி நின்றனர். ஆசிரியர்களைப் பற்றிய வாதம் ஒருபுறம் நடந்துகொண்டிருக்க, மறுபுறம் ஏழையின் முன் தட்டு காலியாக இருந்தது.

நோயின் மூலம்

பொறாமையைக் குறிக்கப் பவுல் பயன்படுத்திய கிரேக்கச் சொல் ‘ஸேலோஸ்’ என்பது. இச்சொல்லுக்கு ஆர்வம், வைராக்கியம் என்ற நல்ல பொருளும் உண்டு. பொறாமை என்ற தீய பொருளும் உண்டு. ஒரே நெருப்பு விளக்கையும் ஏற்றும், வீட்டையும் எரிக்கும். கிரேக்க ஞானி அரிஸ்டாட்டில் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டினார். பிறரிடமுள்ள நன்மை தன்னிடம் இல்லையே என்று வருந்துபவன் அதைப் பெற முயல்கிறான், அவன் உயர்கிறான். அந்த நன்மை பிறனிடம் இருக்கிறதே என்று வருந்துபவன் அதைக் கெடுக்க முயல்கிறான், அவன் தாழ்கிறான்.

பக்தி எந்த இடத்தில் பொறாமையாகத் திரிகிறது? ‘என்னுடைய’ என்ற எண்ணம் அதில் கலக்கும் இடத்தில்தான். தன்னைத் தானே புகழ்ந்துகொள்ள நாணுபவன், தன் குருவைப் புகழும் சாக்கில் பிறருடைய குருவை இகழ நாணுவதில்லை. அங்கே புகழப்படுவது குரு அல்ல. குருவின் நிழலில் மறைந்து நிற்கும் ‘நான்’தான். கொரிந்துச் சபையினர் எதிலும் பிரியமில்லாதவர்கள் அல்லர். அவர்களுடைய பிரியம் தங்களையே சுற்றி வந்தது.

பவுல் தந்த மருந்து

அச்சபையினருக்குப் பவுல் எழுதிய முதல் நிருபத்தில் இந்த நோய்க்கான மருந்து உள்ளது. தம் பெயரைச் சொல்லி நின்ற கட்சியையும் அவர் ஆதரிக்கவில்லை. அதுவே அவரது நேர்மை. தாம் நட்டவர், அப்பொல்லோ நீர் பாய்ச்சியவர், ஆனால் பயிரை வளரச் செய்தவர் இறைவன் ஒருவரே என்று அவர் விளக்கினார். வேலையாட்களின் பெயரால் வயலைப் பங்கு போடுவது எத்தகைய அறியாமை!

அத்துடன் அவர் நிற்கவில்லை. சீடர்கள் ஆசிரியர்களின் உடைமை அல்லர். எல்லா ஆசிரியர்களும் சீடர்களுக்காகவே தரப்பட்டவர்கள் என்று உறவையே மாற்றிக் காட்டினார். பவுலை மட்டும் பற்றிக்கொண்டு அப்பொல்லோவைத் தள்ளுபவன் தனக்கு வந்த செல்வத்தில் பாதியைத் தானே வீசி எறிகிறான்.

பிறகு, சபையை ஓர் உடலுக்கு ஒப்பிட்டார். கால் தான் கையாக இல்லையே என்று உடலை விட்டு நீங்குவதில்லை. கண் கையைப் பார்த்து நீ தேவையில்லை என்று சொல்ல முடியாது. ஓர் உறுப்பு வருந்தும்போது எல்லாம் வருந்துகின்றன. ஓர் உறுப்பு பெருமை பெறும்போது எல்லாம் மகிழ்கின்றன. இவற்றில் இரண்டாவதே கடினமானது. துன்புறுபவனுக்காகக் கண்ணீர் விடப் பலரால் முடியும். பாராட்டப்படுபவனைக் கண்டு மனம் குளிரச் சிலரால்தான் முடியும். அன்பு உண்மையானதா என்று சோதிக்கும் உரைகல் அதுவே.

போதித்தபடி அவர் நடந்தார் என்பதற்கு நிருபத்தின் இறுதியில் ஒரு சிறு குறிப்பு உள்ளது. கொரிந்துக்குச் செல்லுமாறு அப்பொல்லோவைப் பவுல் பலமுறை வேண்டிக்கொண்டார். அப்பொல்லோவோ அப்போது செல்ல விரும்பவில்லை. எவரைத் தமக்குப் போட்டியாக மக்கள் நிறுத்தினார்களோ, அவரையே அங்கு அனுப்பப் பவுல் விரும்பினார். சீடர்கள் மூட்டிய தீ ஆசிரியர்களைத் தீண்டவில்லை.

இரண்டு பாத்திரங்கள்

பிரான்சு நாட்டின் லிசியே நகரில் கார்மேல் மடத்தில் வாழ்ந்து, 1897-இல் தமது இருபத்து நான்காம் வயதில் மறைந்தவர் புனித தெரசாள். சிறுமியாக இருந்தபோது அவருக்கு ஓர் ஐயம் எழுந்தது: விண்ணுலகில் இறைவன் எல்லாப் புனிதர்களுக்கும் ஒரே அளவு மகிமையைத் தருவதில்லையே, குறைவாகப் பெற்றவர்கள் வருந்தமாட்டார்களா? அவருடைய அக்காள் பவுலின் தந்தையாரின் பெரிய குவளையையும், தையலின்போது விரலில் அணியும் சிறிய உறையையும் கொண்டுவரச் செய்து, இரண்டிலும் நீரை நிரப்பினார். எது அதிகம் நிரம்பியிருக்கிறது என்று கேட்டார். இரண்டுமே நிரம்பியிருந்தன; எதிலும் இன்னொரு துளிக்கு இடமில்லை. சிறுமியின் ஐயம் தீர்ந்தது.

பின்னாளில், துறவியாக இருந்தபோது, மறைப்பணியாளர், போதகர், வேதசாட்சி என எல்லாமாகவும் ஆக வேண்டும் என்ற ஏக்கம் அவரை வாட்டியது. கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய அதே நிருபத்தைப் படித்தபோது, திருச்சபை என்னும் உடலின் இதயத்தில் அன்பாக இருப்பதே தமது பணி என்று தெளிந்து அமைதி பெற்றார்.

சாதகன் செய்ய வேண்டியது

பொறாமையை வாதத்தால் வெல்ல முடியாது. செயலால்தான் வெல்ல முடியும். எவரைக் கண்டு மனம் புழுங்குகிறதோ அவருடைய பெயரைச் சொல்லித் தினமும் பிரார்த்திக்க வேண்டும். அவர் இல்லாத இடத்தில் அவருடைய நற்குணத்தை எடுத்துச் சொல்ல வேண்டும். திருவிருந்தைப் பற்றிப் பவுல் இட்ட கட்டளையும் மிக எளியது: உண்ணக் கூடும்போது ஒருவர் மற்றவருக்காகக் காத்திருக்க வேண்டும். அருகில் இருப்பவன் உண்ணும்வரை தன் கையை அடக்கிக்கொள்பவன் அரைப் பங்கு பொறாமையை வென்றவன் ஆகிறான்.

ஒருமுறை வென்றதும் நோய் போய்விட்டது என்று எண்ணலாகாது. ஏறத்தாழ கி.பி. 96-இல் அதே கொரிந்துச் சபையில் மீண்டும் பிளவு ஏற்பட்டு, மூப்பர்கள் சிலர் நீக்கப்பட்டனர். ரோம் சபையிலிருந்து, புனித கிளமெந்து எழுதியதாக மரபு கூறும் நிருபம் ஒன்று வந்தது. காயீன் தன் தம்பி ஆபேலைக் கொன்றது முதல், பொறாமை விளைத்த அழிவுகளை அது வரிசையாக எடுத்துக் காட்டிக் கண்டித்தது. அந்தச் சபையினர் அதைக் கிழித்தெறியவில்லை. ஏறத்தாழ கி.பி. 170-இலும் அந்த நிருபத்தைத் தாங்கள் ஆராதனையில் கூடியிருந்து வாசித்து வருவதாக, கொரிந்தின் ஆயர் தியோனீசியு எழுதினார். தங்களைக் கண்டித்த சொற்களை மூன்று தலைமுறைக் காலம் எல்லோர் முன்னும் வாசித்துக் கேட்ட பணிவே அவர்களுக்கு அருமருந்தாயிற்று. அத்தகைய பணிவு உள்ள இடத்தில், பயிரை வளரச் செய்பவர் தமது பணியைத் தடையின்றிச் செய்கிறார்.