அளவெடுக்கும் உரிமை

தனக்கு வேண்டிய அன்றாட உடைகளைத் தானே வெட்டித் தைத்துக்கொள்ளல் ஒரு வீட்டு வேலை. அதிற் சிக்கனமும் கைத்திறனும் உண்டு. மெய்யியலுக்கு அங்கே என்ன அலுவல் என்று வினவுதல் இயல்பே. மனையியற் பாடங்களும் பத்திரிகைகளின் மகளிர் பகுதிகளும் அதனைச் சிக்கனத்தின் பெயராலேயே பரிந்துரைத்து வந்துள்ளன. ஆனால், அந்த நியாயம் இன்று பெரும்பாலும் செல்லுபடியாகாது. நுவரெலியா நகரின் பேல் பசாருக்குச் சென்றோர் இதனை அறிவர். குளிர்நாடுகளுக்கெனத் தொழிற்சாலைகளில் தைக்கப்பட்டு, ஏற்றுமதியில் எஞ்சியோ தரக்குறைவெனக் கழிக்கப்பட்டோ போன ஜக்கட்டுகளும் பிற குளிராடைகளும் அங்கே குவிந்து கிடக்கின்றன. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நகரில் அவற்றுக்கு என்றும் தேவையுண்டு. அவற்றுள் ஒன்றின் விலைக்குத் துணியும் நூலும் சிப்பும் வாங்கித் தைத்து முடிக்கலாம் என்று எந்தத் தையற்காரரும் உறுதி கூறார். சிக்கனமே காரணமெனில் தையல் இயந்திரத்தை மூடிவைத்துவிடலாம்.

அவ்வாறிருந்தும் மலையகத்து வீடுகளில் அது மூடிவைக்கப்படவில்லை. ஆகவே, தையலின் பெறுமதியைப் பணக்கணக்குக்கு வெளியே தேட வேண்டியுள்ளது.

தமிழர் மரபிலே தைத்த உடை எக்காலத்தும் முதலிடம் பெற்றதில்லை. சிலப்பதிகாரம் புகார் நகரத்துத் தொழிலாளரைக் கூறுமிடத்துத் துன்னகாரரையும் சேர்த்துக் கூறுகின்றது. ஊசியும் நூலும் அறியாத சமுதாயமன்று அது. எனினும், பெரும்பாலோர் உடுத்தது வெட்டப்படாத துணியையே. உலகாளும் வேந்தனுக்கும் இரவு பகலாய் வேட்டைக்கு அலைபவனுக்கும் உடை இரண்டே என்று புறநானூற்றில் நக்கீரனார் கூறியபோது, அவர் மனத்தில் இருந்தவை இத்தகைய துணிகளே எனலாம். வேட்டியும் சேலையும் எவருடைய உடலையும் அளந்து நெய்யப்படுவன அல்ல. உடுத்துபவரே ஒவ்வொரு காலையும் அவற்றைத் தம் உடலுக்கு அளந்துகொள்கின்றார். தைத்த உடை வந்ததும் இவ்வளவீடு உடுத்துபவரின் கையை விட்டு நீங்கிப் பிறிதொருவரின் கைக்குச் சென்றது. அறவியல் வினா இங்கேதான் தொடங்குகின்றது. ஒருவருக்குரிய அளவை நிர்ணயிப்பவர் யார்?

தேயிலைத் தோட்டத்தில் இவ்வினா வெறும் உருவகமன்று. 1867 ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரிலே தேயிலை பயிரிட்டதிலிருந்து விரிந்த தோட்டத்துறையில், தொழிலாளியின் வாழ்வு பிறரால் அளக்கப்பட்டே வந்துள்ளது. பெரட்டுக்களத்தில் நேரம் அளக்கப்படும். தராசிலே கொழுந்து அளக்கப்படும். குறித்த நிறைக்குக் குறைந்தால் ஒரு பேர் அரைப்பேராகும். பத்துக்குப் பன்னிரண்டு அடி என வசிக்கும் அறையும் அளந்தே கட்டப்பட்டது. உடையும் இதற்கு விலக்கன்று. தோட்ட நிருவாகம் முற்காலத்தில் வழங்கிய கம்பளி உடல்பேதம் பாராதது. அதன் விலையோ அரிசியின் விலையைப் போலவே தொழிலாளியின் கணக்கிற் பற்றெழுதப்பட்டது. இவற்றுக்கு நடுவே, மழைக்கும் செடியின் கிளைகளுக்கும் எதிராகப் பெண்கள் இடுப்பிற் சுற்றிய படங்கும் தலையில் மடித்துப் போட்ட கொங்காணியும் தனித்து நோக்கத்தக்கவை. கிடைத்த சாக்கையோ துணியையோ தம் உடலுக்கும் வேலைக்கும் ஏற்பத் தாமே மடித்துக்கொண்ட உடைகள் அவை. தோட்டத்து ஆடைக்கலையின் தொடக்கத்தை அங்கேயே காண வேண்டும்.

வீட்டுத் தையலிலே பயிலும் வடிவங்கள் இதே அறிவின் தொடர்ச்சியாகும். பாவாடையை எடுத்துக்கொள்ளலாம். நீள்சதுரமான துணி, பக்கத்தில் ஒரு மூட்டு, மேலே நாடா செல்லும் மடிப்பு, கீழே அகன்ற கரை. இவ்வளவே அதன் இலக்கணம். வளைவான வெட்டு எதுவும் இல்லாமையால் துண்டுத்துணி வீணாவதில்லை. நாடா இருப்பதால் இடுப்பளவு நிரந்தரமாக நிர்ணயிக்கப்படுவதுமில்லை. கருவுற்றபோதும், பிள்ளை பெற்றபின்னும், நோயுற்று மெலிந்தபோதும் அதே பாவாடை அதே பெண்ணுக்குப் பொருந்தும். அவளுடைய தங்கைக்கும் பொருந்தும். வட்டக் கழுத்தும் நேர்க்கையும் கொண்ட ஒரு மேற்பாகத்தைப் பழைய பத்திரிகைத் தாளில் வரைந்து வைத்துக்கொண்டால், அதுவே பெரியவளுக்குச் சட்டையாகும். அளவைக் குறைத்துச் சுருக்குத் துணியைக் கீழே இணைத்தாற் சிறுமிக்குக் கவுணாகும். நீட்டினால் இரவுச் சட்டையாகும். முன்புறம் பிளந்து பொத்தான் வைத்தால் குளிருக்கு மேலே போடுவதாகும். புதிய வடிவம் வேண்டின் நன்றாகப் பொருந்தும் பழைய உடையொன்றையே அளவுச் சட்டையாகக் கொள்வர். தாளில் வரையப்பட்டது கட்டளையாக இராமல் தொடக்கமாக மட்டுமே இருத்தல் இம்முறையின் சிறப்பாகும்.

அச்சிட்ட மாதிரித்தாளின் வரலாறு வேறு திசையிற் சென்றது. அமெரிக்கத் தையற்காரரான எபனேசர் பட்டரிக் 1863 ஆம் ஆண்டில் பல அளவுகளில் மாதிரித்தாள்களை விற்கத் தொடங்கியபோது, தையற்காரரை நாட வசதியற்ற குடும்பங்களுக்கு அது விடுதலையாகவே அமைந்தது. ஆனால், அளவுகளை எண்களாக்கி விற்கும் வழக்கம் பரவியதும், அந்த எண்கள் யாருடைய உடலைக் குறிக்கின்றன என்னும் சிக்கல் எழுந்தது. 1939, 1940 ஆம் ஆண்டுகளில் ஐக்கிய அமெரிக்க விவசாயத் திணைக்களம் ஏறத்தாழ 15,000 பெண்களை அளந்து ஆடைக்குரிய பொதுவளவைத் தேடியது. வெள்ளையினப் பெண்களின் அளவுகள் மட்டுமே அதில் கணக்கிற் கொள்ளப்பட்டன. சராசரி என்பது கணிதத்திற்கு நேர்மையான கருத்து. ஆனால், அது உடுப்பாக மாறிக் கடையிலே தொங்கும்போது ஒரு தீர்ப்பாகி விடுகின்றது. சட்டை பொருந்தாதபோது தன் உடலிலேயே குறை காண்பது பெரும்பாலோரின் பழக்கம். சட்டையிற் குறை காண்போர் சிலரே. தன் அளவைத் தானே எடுத்த பெண்ணுக்கு இம்மயக்கம் எளிதில் நேராது. பொருந்தாவிடின் அவள் தையலைப் பிரிப்பாள்.

மலையகப் பெண்களுக்கும் தையலுக்குமுள்ள உறவு வீட்டோடு நின்றுவிடவுமில்லை. 1978 இல் கட்டுநாயக்காவிற் சுதந்திர வர்த்தக வலயம் அமைந்தது. 1992 இல் கிராமப்புறங்களுக்கென இருநூறு ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் வந்தது. காலப்போக்கிலே தோட்டத்து இளம்பெண்கள் பலர் கொழுந்துக் கூடையை விட்டு இத்தொழிற்சாலைகளை நாடினர். அங்கே ஒருத்தி கழுத்துப்பட்டியை மட்டும் தைக்கின்றாள். மற்றொருத்தி பையை மட்டும் பொருத்துகின்றாள். மணித்தியாலத்துக்கு இத்தனை என்ற இலக்கு உண்டு. அவர்கள் வரிசையாக அமர்ந்து தைக்கும் அமைப்புக்கும் லைன் என்றே பெயர். லயனிலிருந்து லைனுக்குச் சென்றார்கள் என்று கூறின் அது வெறும் சொல்விளையாட்டாகாது. மார்க்ஸ் தமது மூலதனத்தின் முதல் அத்தியாயத்திலே பெறுமதியை விளக்குவதற்கு இருபது யார் லினன் துணியையும் ஒரு மேலங்கியையுமே உதாரணமாகக் கொண்டார். அந்நூல் வெளிவந்ததும் லூல்கந்துரவில் தேயிலை நடப்பட்ட அதே 1867 இல்தான். ஆண்டுக்கணக்கில் ஆயிரமாயிரம் சட்டைகளுக்குக் கழுத்துப்பட்டி தைத்த ஒருத்தி, விடுமுறைக்கு வீடு திரும்பித் தன் தாய்க்கு ஒரு சட்டையை முழுமையாகத் தைக்க முற்படும்போது கையைப் பொருத்துமிடத்தில் தயங்க நேரலாம். அவள் அறிந்தது தையலின் வேகத்தை. உடையை அறியும் வாய்ப்பை அத்தொழில் அவளுக்கு வழங்கவில்லை.

இந்நிலையில், வீட்டுத் தையலைத் தன்னிறைவு என்னும் பெயராற் புகழ்வது எளிது. அப்புகழ்ச்சி ஐயத்துக்குரியது. இறக்குமதிகள் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்ட 1970 முதல் 1977 வரையான காலத்திலே தன்னிறைவு அரசின் குரலாக ஒலித்தது. பயிரிட நிலமற்றிருந்த தோட்டத் தொழிலாளருக்கு அது எப்பொருளைத் தந்தது என்பதற்கு, 1973, 1974 ஆம் ஆண்டுகளிலே தோட்டங்களில் நேர்ந்த பட்டினிச் சாவுகள் சான்றாகும். கூலி போதாதவரிடம் உனக்கு வேண்டியதை நீயே செய்துகொள் என்று உபதேசிப்பது கூலி கொடுப்பவருக்கே வசதியானது. பெண்ணுக்கு இவ்வுபதேசம் இருமடங்கு பாரமாகும். ஆணுக்குச் சமமான நாட்கூலி தோட்டங்களிற் பெண்ணுக்குக் கிடைத்ததே 1984 இல்தான். பகல் முழுவதும் மலைச்சரிவில் நின்று, மாலையில் விறகும் நீரும் சமையலும் பார்த்தபின் அவள் இயந்திரத்தின் முன் அமர்வதாயின், அந்த உழைப்பை அறமென்று போற்றுவதற்கு முன்னர், அதே அறையில் உள்ள ஆடவன் அந்நேரத்தில் என்ன செய்கின்றான் என்றும் கேட்டாக வேண்டும்.

காந்தியடிகள் இச்சிக்கலின் ஒரு முனையைத் தொட்டவர். 1927 நவம்பரில் அவர் கதர் நிதிக்காக இலங்கைக்கு வந்தபோது தோட்டத் தொழிலாளரும் தம் காசுகளை அளித்தனர். அதற்கு மூன்றாண்டுகள் முன்னர், பின்னாளிலே திண்டுக்கல்லுக்கு அருகே காந்திகிராமத்தை நிறுவியோருள் ஒருவரான ஜி. இராமச்சந்திரன், இயந்திரம் அனைத்தையுமே எதிர்க்கின்றீரா என்று அவரிடம் வினவினார். அடிகள் சிங்கர் தையல் இயந்திரத்துக்கு விலக்களித்தார். மனைவியின் கைத்தையற் சலிப்பைப் போக்கும் அன்பில் அது பிறந்தது என்பது அவர் கூறிய காரணம். இராமச்சந்திரன் விடவில்லை, அப்படியாயின் அவ்வியந்திரத்தைச் செய்யும் தொழிற்சாலையையும் ஏற்க வேண்டுமே என்றார். அதனையும் ஏற்ற அடிகள், அத்தகைய தொழிற்சாலைகள் அரசுடைமையாகவோ அரசின் கட்டுப்பாட்டிலோ இருத்தல் வேண்டும் என்றார். சிங்கர் பிறந்த கதையில் அடிகள் கண்ட கனிவு வரலாற்றுக்குச் சற்று மிகையானதே; விற்பனையும் காப்புரிமை வழக்குகளும் அக்கதையிற் பெரும்பங்கு வகித்தன. எனினும், விலக்கின் உட்கருத்து வலுவானது. தனிமனிதரின் களைப்பைக் குறைத்தும் அவருடைய தீர்மானத்தைப் பறிக்காதும் இருக்கும் கருவி வேறு. தீர்மானத்தையே தன்னிடம் வைத்துக்கொள்ளும் கருவி வேறு. ஒரே தையல் இயந்திரம் லயன் அறையில் முதலாவதாகவும் தொழிற்சாலையில் இரண்டாவதாகவும் இருப்பதை அடிகள் காண நேரவில்லை.

ஆகவே, எல்லா உடையையும் வீட்டிலேயே தைக்க வேண்டும் என்ற முடிவு இவ்விசாரணையிலிருந்து பெறப்படாது. பேல் பசாரில் வாங்கிய ஜக்கட்டின் கையைக் குறைத்து மகனுக்குப் பொருத்துவதிலும் அளவெடுக்கும் உரிமை இருக்கவே செய்கின்றது. அந்த உரிமை செயற்படுவதற்கு ஓய்வு வேண்டும், வெளிச்சமுள்ள ஓரிடம் வேண்டும், கற்றுத்தர ஒருவர் வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு அடியில் இயந்திரத்தை வைத்தபின் துணியை விரித்து வெட்டத் தரையில் எவ்வளவு மிஞ்சும் என்பது அறவியலுக்கு அற்பமான கேள்வியன்று.

1993 முதல் அரசு பாடசாலை மாணவருக்கு இலவசச் சீருடைத்துணி வழங்கி வருகின்றது. சில ஆண்டுகளில் துணிக்குப் பதிலாக வவுச்சர் வழங்கப்பட்டதும் உண்டு. தைத்த சீருடையாக அன்றி, வெட்டாத துணியாகவே அது தோட்டத்துப் பிள்ளைக்கும் கொழும்புப் பிள்ளைக்கும் வந்து சேர்கின்றது. வகுப்பையும் பாலையும் கொண்டே அரசு அதனை அளக்கின்றது. பிள்ளையின் உயரத்தை அது அறியாது. எஞ்சிய அளவீடு தாயுடையது. இப்போதைய உயரத்துக்குத் தைத்தால் ஆண்டிறுதிக்குள் கவுண் முழங்காலுக்கு மேலே ஏறிவிடும் என்று அறிந்தவள், வளர்த்திக்கென நான்கு விரற்கடைத் துணியைக் கரையில் உள்மடித்துத் தைக்கின்றாள். இடுப்பிலும் ஒரு பிடிப்பு வைக்கின்றாள். பிள்ளை வளர வளரக் கரை ஒவ்வொரு மடிப்பாக அவிழ்க்கப்படுகின்றது. அவிழ்த்த மடிப்பின் கோடு எத்தனை முறை வெளுத்தாலும் வெள்ளைத் துணியில் மறைவதில்லை. காலைக் கூட்டத்தில் நிற்கும் சிறுமியரின் கவுண் ஓரங்களில் அக்கோடுகளைக் காணலாம். சிலவற்றில் இரண்டு, சிலவற்றில் மூன்று.