முருகனிடம் பேசிய குரல்

தைப்பூசத்துக்கு முந்தின இரவு நான் படுப்பதில்லை. மலேசியாவின் உலு திராமில் பிறந்த எனக்கு அந்த இரவின் கடைசி யாமம் ஒரு குரலுக்குச் சொந்தமானது. மணி மூன்றரை இருக்கும். கோயில் தகரக் கூரைமேல் கட்டிய குழாய் ஒருமுறை கரகரக்கும். மத்தளம் இல்லை, தாளம் இல்லை. கொடுமுடி கோகிலம் கே. பி. சுந்தராம்பாள் விருத்தத்தைத் தொடங்குவார். அந்த முதல் சொல் காதில் விழும்போது என் கை தானாகக் குவிந்துவிடுகிறது. எத்தனை வருடமாகக் கேட்கிறேன், ஒருமுறைகூட அது பழகிப்போனதில்லை.

அப்போதெல்லாம் கோயிலைச் சுற்றி மூன்று பக்கமும் பால்மரம். இன்று தாமான் வீடுகள். விடியுமுன்பே கோத்தா திங்கி சாலையில் மோட்டார் சைக்கிள்கள் வரிசைகட்டி ஜொகூர் பாருவுக்கும், பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போகின்றன. மரம் போய்விட்டது, லயன் வீடுகள் போய்விட்டன. குரல் மட்டும் அதே இடத்தில் நிற்கிறது.

என்னை அந்தக் குரலிடம் கொண்டுபோய்ச் சேர்த்தவர் என் பாட்டி. நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே நிரைக்குப் போய் மரம் வெட்டியவர். சம்பளப் புத்தகத்தில் கையெழுத்துக்குப் பதில் பெருவிரலை வைத்தவர். ஔவையாரை அவர் படித்ததே இல்லை. தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிக் காட்டிய ‘திருவிளையாடல்’ படத்தில்தான் ஔவையைக் கண்டார். பிறகு வீட்டுக்கு வானொலியும் கேசட்டும் வந்தன. விருத்தம் தொடங்கினால் போதும், கையில் இருக்கிற வேலையை அப்படியே வைத்துவிட்டு எழுந்து நிற்பார். “உட்காருங்க பாட்டி, பாட்டுதானே” என்று ஒருநாள் சொன்னேன். “பாட்டு இல்லய்யா. அவங்க முருகன்கிட்ட பேசிக்கிட்டு இருக்காங்க. நாம எப்படி உட்கார்றது?” என்றார்.

அந்தப் பேச்சு எனக்குள் இறங்கப் பல வருடங்கள் ஆயின. விருத்தத்தில் தாளக்கட்டு கிடையாது. ராகம் உண்டு, ஆனால் அது சொல்லுக்குப் பின்னால்தான் நடக்கும். சொல்கிறவர் நின்று நிதானித்து, ஒரே சொல்லை இரண்டுமுறை மூன்றுமுறை கெஞ்சியும் கேட்கலாம், உரிமையோடு அதட்டியும் கேட்கலாம். சுந்தராம்பாள் அப்படித்தான் கேட்டார். அவர் குரலில் வல்லினம் வல்லினமாகவே விழும். ழகரம் நாவில் சுழன்று முழுதாக வரும். ஒரு எழுத்தைக்கூட அவர் விழுங்கமாட்டார்.

அது மேடை தந்த வரம். 1908இல் காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியில் பிறந்து, வறுமையில் வளர்ந்து, சிறுமியாகவே நாடகக் கம்பெனிக்குப் போனவர் அவர். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகைகள். விடிய விடிய நாடகம். பக்கத்தில் ஆர்மோனியம் முழங்க, எதிரே ஆயிரம் தலை அசைய, கடைசியில் மண்ணில் குந்தியிருக்கும் ஏழைக்கும் சொல் போய்ச் சேரவேண்டும். எவ்வளவு கருணை அந்தத் தொழிலில்! காசு குறைவாகக் கொடுத்தவனுக்கும் கடவுளின் பெயர் குறையாமல் கிடைத்தது. நாடகக்காரர்களை ஒரு காலத்தில் ‘கூத்தாடி’ என்று தாழ்த்திப் பேசினார்கள்; அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது. தமிழ்ப் பாட்டை அச்சுப் புத்தகத்திலிருந்து எடுத்துப் படிப்பறியாதவர் நெஞ்சுக்குள் வைத்தவர்கள் அவர்கள்தாம்.

செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவும் அவரும் சேர்ந்து நடித்த ‘வள்ளி திருமணம்’ பற்றிப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். அவர் வள்ளி, கிட்டப்பா முருகன். மேடையில் தொடங்கிய அன்பு வாழ்க்கைக்குள்ளும் வந்தது. 1933 டிசம்பரில் கிட்டப்பா போய்விட்டார். அவருக்கு வயது இருபத்தேழுதான். சுந்தராம்பாள் இருபத்தைந்து வயதில் வெள்ளைப் புடவை உடுத்தி, திருநீறு பூசிக்கொண்டு, மேடையிலும் படத்திலும் எந்த நடிகருக்கும் ஜோடியாக நடிக்காமல் இருந்துவிட்டார். 1935இல் ‘நந்தனார்’ படத்தில் நந்தனாராகவே நடித்தார். 1953இல் ஜெமினியின் ‘ஔவையார்’. 1965இல் ஏ. பி. நாகராஜனின் ‘திருவிளையாடல்’. கோபித்துக்கொண்டு பழனி மலையேறி நிற்கும் பிள்ளை முருகன் முன்னால் ஔவைக் கிழவியாக அவர் நின்றாரே, அந்த இடத்துக்குத்தான் என் மனம் மறுபடி மறுபடி போகிறது. வள்ளியாக நின்று காதலித்த அதே தெய்வத்தை, இத்தனையையும் இழந்த பிறகு, பேரப்பிள்ளையாகத் தாடை தொட்டுக் கொஞ்சுகிறார். துக்கம் முழுவதும் தமிழாகிவிட்டது. அதைக் கேட்கும்போது முருகன் எங்கோ மலைமேல் இருப்பதாக எனக்குத் தோன்றுவதில்லை. கை நீட்டினால் அவன் தோள் தட்டுப்படும்போலிருக்கிறது.

மேடைக் குரல் இப்படி ஆளை எழுப்பி நிறுத்துவதை வேறொரு மொழியிலும் உணர்ந்தேன். ஹங்கேரி நாட்டில், கவிஞர் யோஜெஃப் அத்திலா பிறந்த ஏப்ரல் 11ஐ 1964 முதல் கவிதை நாளாகக் கொண்டாடுகிறார்கள். அங்கே மேடை நடிகர்கள் கவிதை சொல்வது ஒரு பெருங்கலை. 1976இல் மறைந்த லத்தினோவித்ஸ் சோல்தான் என்னும் நடிகர் அதி எந்த்ரேயின் கவிதையைச் சொன்ன ஒலிப்பதிவு ஒன்றைக் கேட்டேன். ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனாலும் எங்கே மூச்சை நிறுத்துகிறார், எங்கே குரலை ஏறவிடுகிறார் என்று கேட்டுக்கொண்டே இருந்தவன், சற்று நேரத்தில் நாற்காலியை விட்டு எழுந்து நிற்பதை உணர்ந்தேன். பாட்டி நின்றது போலவே.

இந்த வருடத் தைப்பூசத்துக்குக் கோயிலில் ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எனக்குக் கிடைத்தது. பாட்டி போய் இருபது வருடம் ஆகிவிட்டது. அவர் வைத்திருந்த கேசட்டின் நாடா எப்போதோ இற்றுப்போனது. கைப்பேசியிலிருந்துதான் போட்டேன். வெளியே பனி இறங்கியிருந்தது. கொட்டகையில் பாற்குடங்கள் வரிசையாக இருந்தன. காவடி எடுப்பவர்கள் ஈரத்துணியோடு நின்றிருந்தார்கள். குரல் எழுந்தது. ஒவ்வொரு பேச்சாக அடங்கியது. தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தவர் அரிவாளைக் கீழே வைத்தார். என் உள்ளங்காலிலிருந்து ஏதோ ஏறி நெஞ்சில் முட்டி, கண் வழியாக இறங்கியது. அழுகை என்று அதைச் சொல்ல மனம் வரவில்லை. ஒலிபெருக்கி இல்லாத ஏதோ ஒரு கொட்டகையின் கடைசி வரிசைக்கென்று கற்றுக்கொண்ட குரல் கடலைத் தாண்டி, சுந்தராம்பாள் மறைந்த 1980ஐயும் தாண்டி, எங்கள் வரிசையைத் தேடி வந்துகொண்டிருந்தது. முருகா, முருகா என்பதைத் தவிர என் வாயில் வேறு சொல் இல்லை.

மஞ்சள் பாவாடை கட்டிய ஒரு சிறுமி, தன் சின்னப் பாற்குடத்தைப் பிடித்தபடியே என் சட்டையை இழுத்தாள்.

“மாமா, இந்தப் பாட்டி யாரு?”

“ஔவையார்மா” என்றேன். சொன்ன பிறகும் அதைத் திருத்தத் தோன்றவில்லை.