மறைத்தலும் தாய்மையும்

ஐந்தொழில்களுள் மறைத்தல் என்பதொன்று சைவ நூல்களிற் சிறப்பாக ஓதப்படுகின்றது. ஏனைய நான்கையும் கேட்ட மாத்திரத்தே உடன்படுவோரும் இதனைக் கேட்டவழி ஐயுறுவர். பேரருளாளனாகிய இறைவன் தன்னை உயிர்களுக்குக் காட்டாது மறைத்தல் கருணையாதல் யாங்ஙனம்? மகவை ஈன்று அதன் அருகே இராது நீங்குவாளைத் தாயென்பார் உண்டோ? என்பது அவர்தம் கடா. நூல்கள் இதற்குக் கூறும் விடையை அன்பர் பலரும் அறிவர். அவ்விடை ஒரு சிற்றுயிரின் ஒழுக்கத்தினும் விளங்கக் கிடத்தலையும், அதனை உணராதார் இரக்கமென்று கருதிச் செய்வது கொலையாய் முடிதலையும் ஈண்டு ஆராய்வாம்.

2004-ஆம் ஆண்டு தருமபுரி மாவட்டத்தினின்றும் பிரிக்கப்பெற்ற கிருட்டிணகிரி மாவட்டத்தில், கன்னட நாட்டெல்லையை அடுத்து நிற்பது ஓசூர். மலைமேல் சந்திரசூடேசுவரர் எழுந்தருளிய அத்தலத்தைச் சூழ, சென்ற நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கித் தொழிற்சாலைகள் பெருகின. பல ஊரினின்றும் வந்து முறைவேலை செய்வோர் சிறு மனைகளில் வாழ்கின்றனர். ஆவும் ஆடும் வளர்த்தற்கு இடமில்லாத இத்தகைய மனைகளுக்கு முயல் ஏற்ற உயிராகத் தோன்றும், இடம் சிறிதே வேண்டும், ஓசை செய்யாது, புல்லும் கீரையும் உண்ணும். ஆயின் அது குட்டி ஈன்ற ஞான்றே வளர்ப்பாரது அறிவும் அன்பும் ஒருங்கே சோதிக்கப்படுகின்றன.

பெண் முயல் ஏறத்தாழ 31 நாள் கருவுற்றிருந்து ஈனும். ஈனுதற்கு முன்னர்த் தன் மார்பினும் வயிற்றினும் உள்ள மயிரைத் தானே பறித்து, உலர்ந்த புல்லோடு கூட்டி மெத்தை அமைக்கும். குட்டிகள் மயிரின்றியும் கண் திறவாதும் பிறக்கும். இத்துணை அன்பு காட்டிய தாய், ஈன்றபின் அவற்றின் அருகே கிடப்பதில்லை. நாளொன்றிற்கு ஒருமுறை, மிக்கால் இருமுறை, பெரும்பாலும் இரவினும் விடியற்பொழுதினும் வந்து, சில நிமிடங்களே பாலூட்டி அகலும். எஞ்சிய பொழுதெல்லாம் குட்டிகளை நோக்காததுபோல ஒதுங்கியிருக்கும். பால் மிகச் செறிந்ததாகலின் அச்சிறு பொழுதே அவற்றிற்குப் போதும்.

நீங்கியிருத்தற்குக் காரணம் யாது? வீட்டு முயல்களின் முன்னோர் இசுப்பானிய நாட்டுப் பக்கத்தே நிலத்தில் வளை தோண்டி வாழ்ந்த இனத்தன. தாய் அடிக்கடி சென்று வருமாயின், அதன் மணமும் அடிச்சுவடும் பகைக்கு வழிகாட்டும். ஆகலின் அவ்வினத்துத் தாய் பாலூட்டியபின் வளையின் வாயை மண்ணால் மூடிச் செல்லும். மூடுதலே அதன் காவல். நீங்குதலே அதன் அன்பு.

இதனை அறியாதார், பகல் முழுதும் தாய் வாராமை கண்டு, 'கைவிட்டது' என்று துணிந்து, குட்டிகளை எடுத்துப் பசுவின்பாலைப் புகட்டுகின்றனர். அப்பால் அவற்றிற்கு ஒவ்வாது, சின்னாளில் இறந்துபடுகின்றன. இரக்கமே இறப்பிற்கு ஏதுவாயிற்று. கண்ட அளவே உளதென்றும் காணாத அளவே இலதென்றும் துணிதல் இப்பிழையின் வேராம்.

இனி, பறவை தீண்டியும் மீன் நோக்கியும் ஆமை நினைந்தும் தத்தம் முட்டைகளைப் பேணுதலைப் பரிசம், நயனம், மானதம் என்னும் தீக்கைகட்கு உவமையாக நம் ஆசிரியர் கூறுவர். முயலின் ஒழுக்கத்தைத் திரோதான சத்திக்கு ஓருவமையாக அவற்றோடு வைத்து எண்ணலாம். மலத்தோடு உடனின்று தொழிற்படுதல்பற்றி அச்சத்தியும் மலமென்று உபசரிக்கப்படும்; உண்மையில் அஃது அருளேயாம். குட்டியின் கண் ஏறத்தாழ பத்தாம் நாளில் தானே திறக்கும். அதற்குமுன் இமையைப் பிரித்துக் கண்திறக்க முயல்வான் கண்ணைக் கெடுப்பான். அங்ஙனமே மலபரிபாகம் வருங்காறும் இறைவன் மறைந்துநின்று உலகானுபவங்களை ஊட்டிப் பக்குவப்படுத்துகின்றான். உவமை முற்றும் ஒவ்வாது. முயல் நீங்குவது புறப்பகைக்கு அஞ்சி. இறைவனுக்கு அச்சமுமில்லை, நீக்கமுமில்லை. அவன் மறைவது காணும் கண்ணின் குறைபற்றியே என்க.

அற்றேல், குட்டிகளைத் தொடாது, 'அவற்றின் வினைப்படி ஆகுக' என்று வாளா இருத்தலே அறமோ எனின், அற்றன்று. வினைப்பயனை ஊட்டுவான் இறைவன். பிறவுயிரின் வினையை அளக்கும் அறிவு நமக்கில்லை. நமக்கு விதித்தது இரக்கமே. அன்றியும், வளையில் வாழ்தற்குரிய உயிரைக் கூட்டில் அடைத்தவன், அவ்வளை செய்யும் காவலைத் தான் செய்யக் கடமைப்பட்டான். முயல், மெத்தையினின்றும் விலகி வீழ்ந்த குட்டியைக் கவ்விக் கொணரும் இயல்பினதன்று. அதனை எடுத்து உள்ளே இடுதல் வளர்ப்பார் கடன். நாடோறும் ஒருமுறை குட்டிகளை எண்ணுக. வயிறு உருண்டு, உடல் வெதுவெதுப்பாயின் தாய் வந்து சென்றதென்று அறிந்து அமைக. வயிறு ஒட்டி, தோல் சுருங்கி, உடல் குளிர்ந்திருப்பின் கால்நடை மருத்துவரை நாடுக. நாயும் பூனையும் அணுகாமையும், தாய்க்குத் தூய நீரும் உலர்ந்த புல்லும் ஒழியாமையும் காக்க. ஈன்றவுடனே மீண்டும் சூல்கொள்ள வல்லதாகலின், ஆண்முயலைப் பிரித்து வைக்க.

தாய் மெய்யாகவே இறந்துபட்டவழி வேறு நெறியுண்டு. தாயிழந்த பன்றிக் குட்டிகளுக்கு ஆலவாய்ப் பெருமான் தானே தாய்ப்பன்றியாகி முலைகொடுத்த திருவிளையாடல் எதற்காக நமக்கு ஓதப்பட்டது? இல்லாத தாயின் இடத்தில் நிற்றல் இறைவன் செயல்வழி நிற்றலாம். அண்மையில் ஈன்ற பிறிதொரு முயலிடம் அக்குட்டிகளைச் சேர்த்தல் சாலச் சிறந்தது. எனவே, மறைந்த தாயையும் மாண்ட தாயையும் வேறுபிரித்தறிதலே ஈண்டு அறிவாவது. முன்னதில் கைபுகுத்தலும் பின்னதில் கைகட்டி நிற்றலும் ஒப்பவே குற்றமாம்.

இவ்வறிவின்றி விளையாட்டுப் பொருளாகக் கருதி முயல் வளர்த்தல் ஆகாது. பால்குடி மாறாத குட்டியை விற்றலும் வாங்குதலும் பாவமே. காட்டில் திரியும் முயலைப் பிடித்தல் அறத்திற்கு மாறாதலோடு 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்திற்கும் மாறாம். திங்களின் மறுவை முயலென்று வழங்குதல் தொன்மரபு. சசாங்கன் என்னும் பெயரும் அதுபற்றியதே. அம்மதியை மறுவோடும் சடைமேற் கொண்ட பெருமானை ஓசூர் மலைமேல் வணங்கி இறங்குவார், தம் மனையிலுள்ள சிற்றுயிர்க்கும் அவனே தலைவனென்பதை மறத்தல் தகுமோ?

தாய் காணப்படாத பொழுதும் குட்டியின் வயிறு நிறைந்தே இருக்கின்றது. உயிர்களும் அத்தன்மையவே. ஊட்டப்பெற்றமை அறிந்து ஊட்டினானை உணர்தல் ஞானத்தின் தொடக்கமாம்.

திருச்சிற்றம்பலம்.